சாய்ஸில் விட்ட கணக்கும் வல்லத்துக்காரரும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கணக்கும் வரும், பயப்பட வேண்டாம். சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த ஒருவர் ஃபோன் செய்தார். இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறார். மகளுக்கு அசமன்பாட்டுக் கணக்கில் சந்தேகம், இவரிடம் கேட்டிருக்கிறாள். "எனக்கும் தெரியல சார். நீங்க அன்னைக்கு இந்தக் கணக்கைச் சாய்ஸ்ல விட்டுருங்கலேன்னு சொல்லிட்டீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அவர் சொன்னது உண்மை. பொதுத்தேர்வு நெருங்கும்போது எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எண்ணிப் பார்த்து, சிலவற்றை விடச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் பாஸாக வேண்டும் என்ற கவலை. அப்படி விட்டவற்றில் இதுவும் ஒன்று. அதன் வழியில் போய் உலகமே மதிக்கும் ஒரு முடிவைக் கண்டவர் நம் பக்கத்திலேயே பிறந்தவர் என்று எனக்கு அப்போது தெரியாது. ஓய்வுக்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வகுப்பில் நான் ஒருமுறைகூட அவர் பெயரைச் சொன்னதில்லை. அந்தக் கடனை இந்தப் பதிவில் அடைக்கப் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் பெண் கேட்ட கணக்கு. (தமிழில் தட்டுவதால் எக்ஸ் என்பதை 'ய' என்று எழுதுகிறேன்.)

−3 < 2ய + 1 ≤ 7

இதைப் பார்த்ததும் பிள்ளைகள் மிரளக் காரணம், நடுவில் ஒன்று இருக்க, இரண்டு பக்கமும் குறி நிற்பது. இது ஒரே கணக்குப் போலத் தெரிந்தாலும் இரண்டு கணக்கு. 2ய + 1 என்பது −3-ஐவிடப் பெரியது. 'மேலும்' அது 7-ஐவிடப் பெரியது அல்ல. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக வேண்டும். இப்படி இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து வருவதைத்தான் கூட்டு அசமன்பாடு என்கிறோம்.

மூன்று இடத்திலும் 1-ஐக் கழியுங்கள்: −4 < 2ய ≤ 6. மூன்று இடத்தையும் 2-ஆல் வகுங்கள்: −2 < ய ≤ 3. முடிந்தது. எண்கோட்டில் −2-இல் திறந்த வட்டம், 3-இல் மூடிய வட்டம், நடுவில் ஒரு கோடு. முழு எண்கள் மட்டும் வேண்டுமென்றால் −1, 0, 1, 2, 3.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. 1 ≤ 7 − 2ய < 11 என்று கணக்கு வந்தால், 7-ஐக் கழித்த பிறகு −6 ≤ −2ய < 4 என்று நிற்கும். இப்போது −2-ஆல் வகுக்கும்போது இரண்டு குறியும் திரும்ப வேண்டும்: 3 ≥ ய > −2. பார்த்தீர்களா, முன்பு வந்த அதே விடைதான். ஏன் திரும்புகிறது? 5 ரூபாய் கையில் வைத்திருப்பவன் 2 ரூபாய்க்காரனைவிட மேலே. ஆனால் 5 ரூபாய் கடன்பட்டவன் 2 ரூபாய் கடன்பட்டவனைவிடக் கீழே. அவ்வளவுதான்.

'மேலும்', 'அல்லது' என்ற இரண்டு சொற்களில்தான் இந்தப் பாடத்தின் உயிர் இருக்கிறது. ரயிலில் அரை டிக்கெட் எடுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 5 வயது நிறைந்து, 12 வயது நிறையாத பிள்ளைக்கு அரை டிக்கெட். அதாவது 5 ≤ வயது < 12. இது 'மேலும்'. சரி, அரை டிக்கெட் யாருக்குக் கிடையாது? 5-க்குக் கீழே இருப்பவருக்கு 'அல்லது' 12 நிறைந்தவருக்கு. வயது < 5 அல்லது வயது ≥ 12. 'மேலும்' என்பதை மறுத்தால் 'அல்லது' வந்துவிடுகிறது. கூடவே விளிம்புகளும் மாறுகின்றன. உள்ளே இருந்த 5 அங்கே சேராது. உள்ளே இல்லாத 12 அங்கே சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு பக்கத்தில் கட்டாயம் இருக்கும்; இரண்டிலும் இருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்தக் குறிகளுக்கு அப்படியொன்றும் பெரிய வயதில்லை. சமக்குறியை 1557-இல் வேல்ஸ் நாட்டுக்காரரான ராபர்ட் ரெக்கார்ட் தம் நூலில் அச்சிட்டார். < என்பதும் > என்பதும் 1631-இல் லண்டனில் வெளியான தாமஸ் ஹாரியட்டின் நூலில் வந்தன. ஹாரியட் அதற்கு 10 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். 'சிறியது அல்லது சமம்' என்று சொல்லும் குறி வர மேலும் 100 ஆண்டுகள் ஆயின. 1734-இல் பியேர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் பயன்படுத்தினார்.

குறிதான் புதிது. எண்ணம் மிகப் பழையது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்கு உள்ளே ஒரு 96 பக்க உருவமும் வெளியே ஒரு 96 பக்க உருவமும் வரைந்ததாக எடுத்துக்கொண்டு, பை என்ற எண் 223/71-ஐவிடப் பெரியது, 22/7-ஐவிடச் சிறியது என்று நிறுவினார். நாம் பள்ளியில் பை என்றால் 22/7 என்று போட்டுக்கொண்டே இருந்தோமே, அது உண்மையில் ஒரு கூட்டு அசமன்பாட்டின் வலது விளிம்பு! ஒரு எண்ணை நேராகப் பிடிக்க முடியாதபோது, கீழிருந்து ஒரு கை, மேலிருந்து ஒரு கை என்று நெருக்கிப் பிடிப்பது அவர் வழி. இரண்டு கையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிட்டால் எண் அகப்பட்டுவிடும். ஓர் எண் 73-க்குக் குறையாது, மேலும் 73-ஐத் தாண்டாது என்றால், அது 73-ஆகத்தானே இருக்க வேண்டும்?

இந்த 73-ஐ நான் சும்மா சொல்லவில்லை. இனிமேல்தான் நம் ஊர்க்காரர் வருகிறார்.

குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவே வல்லம் இருக்கிறது. (தஞ்சாவூர்ப் பக்கத்து வல்லம் வேறு.) நம் வீ.கே.புதூருக்கு வந்து சேரும் சிற்றாறு அந்தப் பக்கத்து மலையில்தான் இறங்குகிறது. அந்த வல்லத்தில் 1901 ஏப்ரல் 5-ஆம் தேதி பிறந்தவர் சு. சி. பிள்ளை, முழுப் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. பிறந்து ஒரு வருடத்தில் தாயார் தவறிவிட்டார். வயதான உறவினர் ஒருவரின் துணையோடு தகப்பனார் வளர்த்தார். வல்லத்தில் தொடக்கப் படிப்பு, பிறகு செங்கோட்டையில். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தகப்பனாரும் போய்விட்டார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பையனுக்குப் படிப்பு அத்தோடு நின்றிருக்க வேண்டியது. நிற்கவில்லை. சாஸ்திரியார் என்ற அவருடைய ஆசிரியர், தம் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துப் படிப்பைத் தொடர வைத்தார்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆசிரியர் என்ன பாடம் நடத்தினார், எத்தனை பேரைப் பாஸாக்கினார் என்று இன்று யாரும் கேட்பதில்லை. ஒரு பையனை விடாமல் பிடித்துக்கொண்டார், அதற்காகத்தான் அவர் பெயர் நிற்கிறது.

பிள்ளை நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட்டும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ.வும் படித்தார். செங்கோட்டை அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது என்பது உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவரானார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஆனந்த ராவ்; ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில் அங்கே படித்தவர். 1929-இல் பிள்ளை சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1941 வரை அங்கேதான். அவர் பெயரை உலகம் அறியச் செய்த வேலை அந்த ஆண்டுகளில் நடந்தது.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி 1770-இல் எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலேயர் கிளப்பியது. எந்த இயல் எண்ணையும் 4 வர்க்கங்களுக்கு மிகாமல் கூட்டி எழுதிவிடலாம்; கன எண்கள் என்றால் 9 போதும்; நாலாம் அடுக்கு என்றால் 19 போதும்; இப்படியே ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் எண்ணிக்கை இருக்கும் என்றார். நிரூபணம் தரவில்லை. வர்க்கத்துக்கு 4 போதும் என்று அதே 1770-இல் லக்ராஞ்சு நிறுவினார். எந்த அடுக்குக்கும் ஏதோ ஓர் எண்ணிக்கை கட்டாயம் உண்டு என்று 1909-இல் ஹில்பர்ட் நிறுவினார். ஆனால் அந்த எண்ணிக்கை சரியாக எத்தனை?

ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். 1-இன் ஆறாம் அடுக்கு 1. 2-இன் ஆறாம் அடுக்கு 64. 3-இன் ஆறாம் அடுக்கு 729. இப்போது 703 என்ற எண்ணை இந்த வகை எண்களைக் கூட்டி எழுதப் பாருங்கள். 729 பெரியது, உள்ளே நுழையாது. 64-களும் 1-களும் மட்டும்தான் கையில். 64 எத்தனை போடலாம்? 11 போட்டால் 704, ஒன்று தாண்டிவிடும்! ஆகவே 10. அது 640. மிச்சம் 63-க்கும் ஒற்றை ஒற்றையாக 1 போட வேண்டியதுதான். 10 + 63 = 73. ஒரு 64-ஐக் குறைத்தால் அதற்குப் பதில் 64 ஒன்றுகள் வேண்டும், நிலைமை மோசமாகும். ஆகவே 73-க்குக் குறைந்து முடியாது. கீழ்க்கை பிடித்தாயிற்று. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்துவிடும்.

மேல்கைதான் கஷ்டம். 703 மட்டுமல்ல, உலகத்தில் உள்ள எந்த எண்ணுக்கும் 73 போதும் என்று காட்ட வேண்டும். எண்களுக்கோ முடிவில்லை. என்ன செய்வது? இங்கேதான் 'அல்லது' வருகிறது. மிகப் பெரிய எல்லை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணும் அந்த எல்லைக்குக் கீழே இருக்கும், அல்லது அந்த எல்லையிலோ அதற்கு மேலேயோ இருக்கும். அரை டிக்கெட் மாதிரி, ஒரு பிள்ளையும் விடுபடாது. மேலே உள்ள எண்களுக்கு ஒரு வழி இருந்தது. ராமானுஜனும் ஹார்டியும் 1918-இல் வேறொரு கேள்விக்காகத் தொடங்கிவைத்த முறை அது. அதை ஹார்டியும் லிட்டில்வுட்டும் வாரிங் கேள்விக்குக் கொண்டுவந்தார்கள். ரஷ்யாவின் வினோகிராதோவ் கூர்மையாக்கினார். கீழே உள்ள எண்களுக்குக் கையால் கணக்கிட்டு ஏறிவர வேண்டும். இரண்டும் சந்திக்க வேண்டும். நடுவில் ஓர் எண் விடுபட்டாலும் நிரூபணம் இல்லை.

பிள்ளை அதைச் சந்திக்க வைத்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஆறாம் அடுக்குக்கு 73 என்ற முடிவு 1940-இல் இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் வெளியானது. குறையாது, தாண்டாது, ஆகவே 73.

அதற்கு முன்பே, 1936-இல், இதைவிடப் பெரியதொரு வேலை செய்திருந்தார். சில சிறிய அடுக்குகள் நீங்கலாக எல்லா அடுக்குகளுக்கும் ஒரே சூத்திரம். அமெரிக்காவில் டிக்சன் என்ற புகழ்பெற்ற பேராசிரியரும் அதே சமயம் தனியாக அதே முடிவுக்கு வந்தார். சிகாகோவும் சிதம்பரமும் ஒரே கணக்கில் போட்டி போட்டன என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. இன்று புத்தகங்களில் இருவர் பெயரும் சேர்ந்தே வருகிறது.

அந்தச் சூத்திரத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம். இன்று எழுதும் வழக்கப்படி சொல்கிறேன். 3-இன் அடுக்கை 2-இன் அதே அடுக்கால் வகுங்கள். ஈவும் மீதியும் வரும். ஆறாம் அடுக்கென்றால் 729-ஐ 64-ஆல் வகுக்க வேண்டும்: ஈவு 11, மீதி 25. (மீதி எப்போதும் 0-க்குக் குறையாது, வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாகவே இருக்கும். மூன்றாம் வகுப்பில் படித்த வகுத்தலிலேயே ஒரு கூட்டு அசமன்பாடு ஒளிந்திருக்கிறது!) இப்போது ஒரு சோதனை:

ஈவு + மீதி ≤ 2-இன் அடுக்கு

11 + 25 = 36. அது 64-ஐத் தாண்டவில்லை. சோதனை பாஸ் என்றால் விடை: 2-இன் அடுக்கு + ஈவு − 2. அதாவது 64 + 11 − 2 = 73. கன எண்ணுக்குப் பார்ப்போமா? 27-ஐ 8-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 3. கூட்டினால் 6, 8-ஐத் தாண்டவில்லை. விடை 8 + 3 − 2 = 9. வாரிங் சொன்ன அதே 9. நாலாம் அடுக்குக்கு 81-ஐ 16-ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 1. விடை 16 + 5 − 2 = 19.

நான் சாய்ஸில் விடச் சொன்ன பாடம், ஒருபடி அசமன்பாடு, இங்கே வந்து நடுநாயகமாக உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். எந்த அடுக்கை எடுத்தாலும் ஈவும் மீதியும் சேர்ந்து தாண்டாது, அல்லது தாண்டும். தாண்டினால் விடைக்கு வேறொரு சூத்திரம் இருக்கிறது. ஆனால் தாண்டுகிற ஓர் அடுக்கை இதுவரை யாரும் கண்டதில்லை. 1990-இல் கம்ப்யூட்டர் வைத்து 47 கோடியே 16 லட்சம் அடுக்கு வரை பார்த்துவிட்டார்கள், ஒன்றுகூட இல்லை. அப்படி இருந்தாலும் அவற்றின் எண்ணிக்கைக்கு முடிவு உண்டு என்று 1957-இல் மாலர் என்பவர் நிறுவினார். 'ஒன்றுமே இல்லை' என்று நிறுவ இன்று வரை ஒருவராலும் முடியவில்லை. இவ்வளவு எளிய அசமன்பாடு, எல்லா அடுக்குக்கும் உண்மையா என்பது திறந்தே கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "சார், < போட்டா என்ன, ≤ போட்டா என்ன, ஒரு கோடுதானே" என்று வகுப்பில் கேட்பீர்கள். 1936-இல் வந்த முடிவில், சரியாக விளிம்பை ஒட்டி நிற்கும் சில நிலைகள் மட்டும் தீராமல் நின்றன. அவற்றை முடிக்க ரூபுகுந்தேயும் ஐவன் நிவனும் 1940-களில் தனிக் கட்டுரைகள் எழுத வேண்டியிருந்தது. அந்த ஒரு கோட்டுக்கு அவ்வளவு விலை.

விட்டுப்போன சிறிய அடுக்குகளும் ஒவ்வொன்றாக அகப்பட்டன. ஐந்தாம் அடுக்குக்கு 37 என்று 1964-இல் சீனாவின் சென் ஜிங்ருன் நிறுவினார். நாலாம் அடுக்குதான் எல்லாரையும் அலைக்கழித்தது. 53-க்கு மேல் போகாது என்று லியூவில் 1859-இல் காட்டினார். 19-க்குக் குறையாது என்பதும் தெரியும். 19-க்கும் 53-க்கும் இடையில் இருந்த அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 1986-இல்தான் 19 என்று மூடினார்கள். மூடிய மூவரில் ஒருவர் நம் பாலசுப்பிரமணியன். பிற்பாடு சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். அவரும் தங்கதுரையும் சேர்ந்துதான் 2010-இல் பிள்ளையின் கட்டுரைகள் அனைத்தையும் தொகுத்து வெளியிட்டார்கள்.

பிள்ளை அண்ணாமலையிலிருந்து திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் போய், பிறகு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். 1950-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு வருடம் இருந்து ஆராய்ச்சி செய்ய அழைப்பு வந்தது. ஹார்வர்டில் நடக்கும் உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளக் கிளம்பினார். ஆகஸ்ட் 31-ஆம் தேதி, கெய்ரோவிலிருந்து புறப்பட்ட விமானம் பாலைவனத்தில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். பிள்ளைக்கு வயது 49.

போன மாதம் வல்லம் வழியாகப் போனேன். பஸ் நிற்கும் ஒரு நிமிடம், ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர் பையோடு ஏறினார்கள். "தம்பி, கணக்கு எப்படி?" என்று கேட்டேன். ஒருவன் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இறங்குவதற்குள் பிள்ளையைப் பற்றி அவனிடம் சொல்லிவிட்டேன். "நம்மூரா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

உங்களில் பலர் ஆசிரியராக இருக்கிறீர்கள். பலர் நல்ல சம்பளத்தில் இருக்கிறீர்கள். சாஸ்திரியார் செய்ததைச் செய்ய உங்களால் முடியும். அது முடியாதவர்கள் குறைந்தபட்சம் நான் செய்ததைச் செய்யாதீர்கள்: பிள்ளைகளிடம் எந்தப் பாடத்தையும் "இது வேண்டாம், விட்டுவிடு" என்று சொல்லாதீர்கள். விடச் சொன்ன பாடத்தில் யாருக்கு என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

ஃபோன் செய்த தம்பிக்கும் அவர் மகளுக்கும்: ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு வீடியோ காலில் வாருங்கள், முழுப் பாடத்தையும் நடத்துகிறேன். மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம்: ஏழாம் அடுக்கு. 3-இன் ஏழாம் அடுக்கு 2187, 2-இன் ஏழாம் அடுக்கு 128. சோதனை பாஸாகிறதா, விடை என்ன? வழிமுறையோடு எழுதுங்கள். வெறும் விடை எழுதினால் பாதி மதிப்பெண்தான். அந்தப் பழக்கத்தை மட்டும் நான் இன்னும் விடவில்லை.